தையல்காரம்மாவின் முழங்கால்

என் அக்கா 'மாட்டேன்' என்று சொல்லிவிட்டால் அத்தோடு கதை முடிந்தது. அப்பா அவளுக்கு முட்டுக்கட்டை என்றே பேர் வைத்திருந்தார். நான் தச்சன். எந்த மரத்தையும் எப்படியாவது வழிக்குக் கொண்டுவந்துவிடுவேன், அவளிடம் மட்டும் என் பாச்சா பலிக்காது.

மருத்துவக் கல்லூரியின் உடற்கூறு அருங்காட்சியகத்தில் எலும்புகளைப் பராமரிப்பது அவள் வேலை. செத்தவர்களுக்கு முதுகு தேய்த்து விடுகிறாளே என்று நான் சீண்டுவேன். "நீ மட்டும் என்ன, செத்த மரத்தைத்தானே இழைச்சிட்டு இருக்க" என்பாள்.

அங்கே இருப்பதிலேயே அரிதான எலும்புக்கூடு தையல்காரம்மாவுடையது. அவருக்கு ஒரு விசித்திரமான நோய். அடிபட்ட இடமெல்லாம் தசை எலும்பாக மாறிவிடும். சின்ன வயதில் தோளில் முளைத்த முதல் எலும்பை, விஷயம் தெரியாமல், மருத்துவர்கள் வெட்டி எடுத்தார்கள். வெட்டிய இடத்தில் அது முன்பைவிடப் பெரிதாக வளர்ந்து, கையை விலாவோடு சேர்த்துப் பூட்டிவிட்டது. பிறகு முதுகு, கழுத்து, தாடை என்று ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டே போனது.

இடுப்பும் இறுகத் தொடங்கியபோது, இனி எந்த நிலையில் இருக்கிறீர்களோ அதே நிலையில்தான் கடைசிவரை இருக்க வேண்டும், படுத்தபடி இருந்தால் பார்த்துக்கொள்பவர்களுக்குச் சுலபம் என்று மருத்துவர்கள் சொல்லிப் பார்த்தார்கள். அவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். அப்படியே இறுகிப்போனார். அசைகிற ஒரு கையை வைத்துக்கொண்டு பல வருடம் பொத்தான் தைத்தார்.

தன் உடலைக் கல்லூரிக்கு எழுதிவைத்துவிட்டு, அதோடு நிற்காமல், வைக்கப்போகிற இடத்தைப் பார்க்க வேண்டும் என்று நேரிலேயே வந்துவிட்டார். வாடகைக்கு வீடு பார்க்க வருகிறவர்களாவது தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். இவர் சக்கர நாற்காலியில் அந்தக் கூடம் முழுவதும் சுற்றிவந்து, ஜன்னலோரம் வெயில் அடிக்கும், வேண்டாம் என்றார். தூசி தட்டுவது யார் என்று விசாரித்தார். அக்கா முன்னால் போய் நின்றாள். அவள் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். பூட்டிய பற்களுக்கு நடுவிலிருந்து அவர் பேசியதை அக்கா இன்றும் அதே மாதிரி சொல்லிக் காட்டுவாள்.

"உயிரோட இருக்கும்போது என் எலும்புல ஒரு தடவ கத்தி வச்சாங்க. அது போதும். செத்த பிறகு யாரும் வைக்கக் கூடாது. நான் உக்காந்துதான் இருப்பேன். படுத்துக் கிடந்தா, பாவம்னுட்டுப் போயிடுவாங்க. உக்காந்திருந்தாதான் எதிர்ல உக்காந்து பேசுவாங்க."

அக்கா சரி என்றாள். அந்த ஒரு 'சரி'யைத்தான் அவள் இத்தனை வருடமாகக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள். எலும்புக்குள் இருக்கும் கொழுப்பு கசிந்து மஞ்சள் பூத்தால் பொறுமையாக ஒற்றி எடுப்பாள். விலாவின் குறுக்கே ஓடும் மெல்லிய எலும்புப் பாலங்களை ஓவியம் தீட்டும் தூரிகையால் துடைப்பாள். வேறு யாரையும் தொடவிட மாட்டாள். மற்ற எலும்புக்கூடுகளுக்குக் கம்பியும் திருகாணியும் வேண்டும். இவருக்கு ஒன்றும் வேண்டாம், நோயே எல்லாவற்றையும் கட்டிவைத்திருந்தது.

அப்புறம் கூடத்தைப் புதுப்பித்தார்கள். துறைத்தலைவர் நல்ல மனிதர்தான், ஆனால் வரிசைப் பைத்தியம். எல்லாம் ஒரே அளவில் புதுக் கண்ணாடிப் பேழைகள் வந்து இறங்கின. எலும்புக்கூடு என்றால் மண்டையில் கொக்கி மாட்டி நிற்க வைப்பதுதான் அந்தத் தொழிலில் வழக்கம். அதனால் ஒல்லியாக, உயரமாக, நிற்கிற ஆளுக்கு அளவெடுத்தே எல்லாவற்றையும் செய்யச் சொல்லியிருந்தார்கள். ஒருத்தர் உட்கார்ந்திருக்கிறார் என்பது ஒருவருக்கும் நினைவு வரவில்லை. தையல்காரம்மாவை உள்ளே வைத்தால் முழங்கால் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், கதவு மூடாது.

துறைத்தலைவர் வழி கண்டுபிடித்தார். இடுப்பிலும் முழங்காலிலும் அறுத்து, உள்ளே எஃகுத் தண்டு கொடுத்து நிமிர்த்திவிடலாம், வெட்டு வெளியே தெரியாது என்றார். இதற்கென்றே வெளியிலிருந்து ஒரு நிபுணரையும் வரவழைத்தார். அக்கா அந்த அம்மாவின் நிபந்தனையைச் சொன்னாள். எழுத்தில் இல்லையே என்றார் அவர். என் காதில் இருக்கிறது என்றாள் இவள். இறந்தவர்களுக்கு இதெல்லாம் தெரியப்போவதில்லை என்று அவர் தணிந்த குரலில்தான் சொன்னார். அந்தத் தணிந்த குரல்தான் அவளைக் கொதிக்க வைத்தது.

நிபுணர் வரவேண்டிய அன்று காலை அக்கா எனக்குப் போன் செய்தாள். ரம்பத்தை எடுத்துக்கொண்டு உடனே வா என்றாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் போயிருக்க மாட்டேன், அது அவளுக்கும் தெரியும்.

புத்தம்புதுப் பேழை. நல்ல வேலைப்பாடு, சொல்ல வேண்டும். இருந்தும் அதன் முன்சட்டத்தை அறுத்தேன். கண்ணாடியைக் கழற்றி, முன்னால் பலகை கொடுத்து, தொப்பை மாதிரி ஒரு பெட்டியை வெளியே தள்ளினேன். இருவருமாக அவரை நாற்காலியோடு தூக்கி உள்ளே வைத்தோம். கால்களுக்குத் தாராளமாக இடம் இருந்தது.

துறைத்தலைவரும் நிபுணரும் வந்தபோது தரையெல்லாம் மரத்தூள். இது யார் வேலை என்று தலைவர் கேட்டார்.

"அறுக்கணும்னு சொன்னீங்க சார், அறுத்தாச்சு" என்றாள் அக்கா. "பொட்டிய அறுத்தா புதுசு வாங்கிக்கலாம். இவங்கள எங்க போய் வாங்குவீங்க?"

நிபுணர் பேழைக்குள் எட்டிப் பார்த்தார். இங்கே தனக்கு வேலை இல்லை என்று பையை மூடிக்கொண்டார். துறைத்தலைவரின் முகம் சிவந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் அக்காவைக் குடுவை கழுவும் அறைக்கு மாற்றினார். ஆனால் தையல்காரம்மாவைத் தொடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். பிறகு ஆள் விட்டுச் சொன்னார்: மன்னிப்புக் கேட்டால் பழைய வேலை கிடைக்கும். அக்கா என்ன சொல்லியிருப்பாள் என்று உங்களுக்கே தெரியும். எனக்கு அவள்மேல் கோபம்தான். பெருமையும்தான்.

திறப்பு நாளன்று தொப்பைப் பேழைக்கு வார்னிஷ் சரியாகக் காய்ந்திருக்கிறதா பார்க்கிற சாக்கில் நானும் போனேன். நூல் பிடித்த மாதிரி வரிசையில் நின்றுகொண்டிருந்த எலும்புக்கூடுகளை மாணவர்கள் நடந்துகொண்டே பார்த்தார்கள். தையல்காரம்மாவின் முன்னால் வந்ததும் ஒரு பெண் நின்றாள். குனிந்து பார்த்தாள், அப்போதும் அவர் முகத்துக்கு நேராகத் தன் முகம் வரவில்லை. சுவரோரம் கிடந்த நாற்காலியை இழுத்து வந்து எதிரே போட்டு உட்கார்ந்து, வாய்க்குள் ஏதோ சொன்னாள். என்ன என்று எங்களுக்குக் கேட்கவில்லை.

அக்கா ஈரக் கையோடு வாசலில் நின்றிருந்தாள்.

"பேசுறா பாரு" என்றாள். கையைத் துடைத்துக்கொண்டு குடுவை கழுவப் போய்விட்டாள்.