சாரலில் கசிந்த சுவர்

தென்காசியில் நான் வாங்கிய முதல் வீட்டின் சுவர், குற்றாலச் சாரல் தொடங்கியதுமே கசிந்தது. பார்க்க வந்த கொத்தனார் ஒல்லியானவர். எந்தச் சுவரையும் விரல் முட்டியால் தட்டி, காதை வைத்துக் கேட்ட பிறகே பேசுவார்.

"வாஸ்து எப்பம் பாத்தீங்க?"

"அட்வான்ஸ் குடுக்கதுக்கு முந்தியே பாத்தாச்சு."

"அப்பவே என்னையும் கூப்பிட்டிருக்கலாம்லா அண்ணாச்சி. அதுவும் சாரல் நேரத்துல. பங்குனி வெயில்ல எந்தச் சுவரும் நல்லாத்தான் இருக்கும். பத்திரம் முடிஞ்ச பொறவு கூப்பிடுதீங்க."

பெயிண்டுக்கு அடியில் உதிர்ந்த பூச்சைக் காட்டி, இது எவன் வேலை என்று எரிச்சலோடு கேட்டேன்.

"நான் பூசுனதுதான். விக்கதுக்கு முந்தி பழைய ஓனர் கூப்பிட்டாரு."

சுவரிலிருந்து காதை எடுக்காமலே சொன்னார். குரலில் கூச்சமே இல்லை.

இந்த வருடச் சாரலுக்கும் அவரைத்தான் கூப்பிட்டேன்.