தாடியோடு நின்ற சவரக்காரன்

பாறசாலையில் சவரக்கடை வைத்திருந்த செல்லசாமிக்குச் சும்மா இருக்கத் தெரியாது. திருவிதாங்கூர்-கொச்சியின் தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்டு 1954இல் நடந்த எல்லைப் போராட்டக் கூட்டமொன்றில் எழுந்து, "நம்ம ஊரு தமிழகத்தோட சேருற வர ஒருத்தனும் தாடி எடுக்கப்பிடாது" என்று எல்லாரையும் சபதம் எடுக்க வைத்தான். தன் பிழைப்பில் தானே மண்ணை அள்ளிப் போட்டது மறுநாள் கடை திறந்தபோதுதான் உறைத்தது.

கை துறுதுறுத்தது. தாத்தாவின் பழைய ஜெர்மன் கத்தியைத் தேடியெடுத்தான். செங்கல் பொடியும் தேங்காயெண்ணெயும் போட்டுத் துருவைப் போக்கி, கல்லில் தீட்டி, தோல்வாரில் இழுத்து, கூர்மையைத் தன் கைமுடியில் பார்த்தான். ஊர்வலம், தடியடி என்று சேதி வரும்போதெல்லாம் மறுபடியும் தீட்டினான். இரண்டு வருடத்தில் கத்தி பாதியாய்த் தேய்ந்தது. கையில் ஒரு முடி மிச்சமில்லை.

"இனி எனக்க தலையில வச்சு நோக்குவீரு போல" என்றாள் மனைவி சரோஜம்.

1956 நவம்பரில் பக்கத்து ஊரான களியக்காவிளை தமிழகத்தில் சேர்ந்தது; பாறசாலை கேரளத்தோடு நின்றுவிட்டது. அன்று கூடவே சபதமெடுத்த களியக்காவிளைக்கார நண்பன் சத்தியதாஸ் சிரித்துக்கொண்டே வந்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

"எங்களுக்குக் கிட்டியாச்சு. தாடிய எடு மக்கா."

செல்லசாமி ஒரு கீறல் விழாமல் சிரைத்து முடித்தான். சத்தியதாஸ் கன்னத்தைத் தடவியபடி எழுந்து, "கத்திய இஞ்ச தா. ஒனக்கு நான் எடுக்கேன்" என்றான்.

செல்லசாமி கத்தியை மடக்கவில்லை. நெஞ்சுவரை தொங்கிய தாடியோடு திரும்பி நின்று, கத்தியைத் தோல்வாரில் இழுக்கத் தொடங்கினான்.

"நீ ஒனக்க ஊருக்குப் போ. எனக்க ஊரு இன்னும் சேரல்லியாக்கும்."