ஒரு கட்டையைத் துறந்தவள்

கல்லூரி கேண்டீனில் மிக்ஸி ஓடத் தொடங்கினால் யூஜினியா வடையைக் கடிப்பதை நிறுத்திவிடுவாள். தலையைச் சற்றே சாய்த்து, "க" என்பாள். சட்னி அரைபட்டு மிக்ஸி வேகம் பிடித்ததும், "இப்ப ப" என்பாள். அதற்குப் பிறகுதான் வடை. எதிரே உட்கார்ந்திருக்கும் எனக்கு இரண்டும் ஒரே இரைச்சல். நானும் அவளோடு சேர்ந்து மூன்று வருஷமாக இளங்கலை இசை படிக்கிறேன் என்பதை வெளியே அதிகம் சொல்லிக்கொள்வதில்லை.

மானகிரியிலிருந்து அவள் ஏறிவரும் டவுன் பஸ்ஸின் ஹாரன் ரி. கண்டக்டரின் விசில் மேல்ஸ்தாயி நி. அவளுடைய அப்பா மரிய ஜெரால்டு, ஆரம்பப் பள்ளி வாத்தியார், தும்மினால் ம. ஜலதோஷம் பிடித்திருந்தால் அந்த ம கொஞ்சம் இறங்கும். எங்கள் கல்லூரி மணியை மட்டும் அவளுக்குப் பிடிக்காது. "ரெண்டுங்கெட்டான் மணிடி ரிஹானா. ச-வும் இல்ல, ரி-யும் இல்ல. நடுவுல நின்னுக்கிட்டு உசுர வாங்குது" என்று காதைப் பொத்திக்கொள்வாள்.

ஆள் நல்ல உயரம். ரெட்டைச் சடை. சிரித்தால் சத்தம் வராது, தோள் மட்டும் குலுங்கும். தோள் குலுங்கினால் பெஞ்சு குலுங்கும். பெஞ்சில் இருக்கிற நாலு பேரும் சேர்ந்து மாட்டிக்கொள்வோம். உள்ளங்கையில் பால்பாயிண்ட் பேனாவால் ஸ்வரம் எழுதுகிற பழக்கம் உண்டு. சாப்பாட்டு வேளையில் அதே கையை என் டிபன் பாக்ஸுக்குள் விடுவாள். கழுவினாயா என்று கேட்பதை நான் முதல் வருஷத்தோடு விட்டுவிட்டேன்.

இப்பேர்ப்பட்ட காது படைத்தவள் செவிப்பயிற்சித் தேர்வில் இரண்டு முறை தோற்றாள். முதல் முறை நூற்றுக்குப் பதினொன்று, மறுமுறை ஒன்பது. எனக்கே நாற்பத்திரண்டு வந்தது. தேர்வில் பெரிய வித்தை எதுவும் இல்லை. எங்கள் உமையாள் மேடம் ஸ்வரப் பெயரைச் சொல்லாமல் வெறும் 'ஆ' என்று பாடுவார். அது என்ன ஸ்வரம் என்று கேட்டு எழுத வேண்டும். மேடம் ச ரி க பாடினால் நாங்கள் தட்டுத்தடுமாறி, பக்கத்துத் தாளையும் ஒரு பார்வை பார்த்து, ச ரி க என்று எழுதுவோம். யூஜினியா ஒரு விநாடிகூட யோசிக்காமல், முத்து முத்தான கையெழுத்தில் ப த நி என்று எழுதுவாள். கேட்டால், "நீங்க ப த நி-தான் பாடுனீக மேடம்" என்று சாதிப்பாள்.

விடைத்தாளை ஒரு மத்தியானம் முழுக்கக் கையில் வைத்துப் பார்த்துத்தான் மேடம் சங்கதியைக் கண்டுபிடித்தார். தப்பு எல்லாமே ஒரே அளவுத் தப்பு. யூஜினியா எட்டு வயதிலிருந்து மானகிரி மாதா கோயிலில் ஆர்மோனியம் வாசிப்பவள். அங்கே எல்லாப் பாட்டுக்கும் ஒரு கட்டையில்தான், அதாவது முதல் வெள்ளைக் கட்டையில்தான், ச. அது அவள் காதில் ஆணியடித்து உட்கார்ந்துவிட்டது. எங்கள் சங்கீதத்தில் ச ஓரிடத்தில் நிற்காது. பாடுகிறவர் எந்த உயரத்தில் தொடங்குகிறாரோ அதுதான் ச. மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் வரிசை கட்டும். மேடம் ஐந்து கட்டையில் ச வைத்துப் பாடுகிறவர். கோயில் ஆர்மோனியத்தில் அது ப இருக்கிற இடம்.

"உனக்குக் காது ரொம்ப நல்லா இருக்கும்மா. அதான் கோளாறே" என்றார் மேடம்.

வேடிக்கை என்னவென்றால், ச-வை இடம் மாற்றினால் ராகம் எப்படி மாறும் என்பதற்கு உயர்நிலை இசையியலில் ஒரு பாடமே உண்டு. கிரக பேதம் என்று பெயர். நாங்கள் எல்லோரும் மூக்கால் அழுத பாடம். அந்த எழுத்துத் தாளில் அவளுக்குத் தொண்ணூற்றிரண்டு. கையால் எழுதத் தெரிந்ததைக் காது ஒத்துக்கொள்ள மறுத்தது.

நான் விளையாட்டாகச் சொல்கிறேனே தவிர, விஷயம் சின்னதில்லை. கல்லலில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர் வேலை அவளுக்கென்று காத்திருந்தது. ஜூனில் சான்றிதழோடு போனால் வேலை, இல்லாவிட்டால் அடுத்த ஆள். ஏப்ரலில் தோற்றால் அடுத்த தேர்வு நவம்பரில்தான். மரிய ஜெரால்டு வாத்தியாரோ மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது என்றே மானகிரி முழுக்கச் சொல்லிவிட்டிருந்தார். அந்த வேலை மேல் அவளுக்கு எவ்வளவு ஆசை என்பது எனக்குத்தான் தெரியும். சும்மா ஒரு நாள் கல்லலுக்குப் பஸ் ஏறிப்போய், அந்தப் பள்ளிக்கூட மணியைக் கேட்டுவிட்டு வந்தாள். "சுத்தமான பஞ்சமம்டி, அசல் ப. அங்குட்டுப் போயிட்டா நிம்மதியா இருப்பேன்" என்றாள். அன்றைக்கு அவள் தோள் குலுங்கவில்லை.

அது தொண்ணூற்றைந்து மார்ச். எங்கள் வீட்டில் ரம்ஜான் நோன்பு முடிகிற வாரத்தில் அவர்களுக்குத் தவக்காலம் தொடங்கியது. நெற்றியில் சாம்பல் சிலுவையோடு வகுப்புக்கு வந்தவள், பையை வைப்பதற்கு முன்பே அறிவித்தாள்.

"இந்தத் தவக்காலத்துக்கு நான் ஒரு கட்டைய விட்டுட்டேன்."

"கறியத்தானடி விடுவீக?"

"எங்க வீட்டுல கறியே ஞாயித்துக்கிழமை மட்டுந்தான். அத விட்டு என்னாகப் போகுது? ஈஸ்டர் வரைக்கும் ஒரு கட்டையில ச வைக்க மாட்டேன். மனசுல நெனைக்கக்கூட மாட்டேன். இனிமே அஞ்சு கட்டைதான் எனக்கு ச."

சொன்னதோடு நிற்கிற ரகம் இல்லை அவள். பென்சில் செல்லில் ஓடும் ஒரு சுருதிப் பெட்டியை மேடத்திடம் இரவல் வாங்கி, ஐந்து கட்டையில் வைத்து, சாப்பாட்டுக் கூடைக்குள் போட்டுக்கொண்டே திரிந்தாள். பஸ்ஸில் கண்டக்டர் மூன்று நாள் தேடினார். "இங்குட்டு யாரு வண்டப் புடிச்சுக் கொண்டாந்தீக? ஞொய்ய்யினு காதக் கொடையுது" என்று கேட்டார். எனக்குப் பக்கத்தில் அவள் ஜன்னல் வழியே வயலைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

பாவம், மாதா கோயில் பாடகர் குழு. எல்லாப் பாட்டையும் அவள் ஐந்து கட்டைக்கு ஏற்றிவிட்டாள். பெண்களே எட்டிப் பிடித்துப் பாட வேண்டியிருந்தது. ஆண்கள் கீச்சுக் கீச்சென்றார்கள். கட்டைக்குரலுக்குப் பேர்போன சகாய ஆண்டனி அண்ணன் இரண்டாவது ஞாயிறு கழுத்தில் மப்ளரோடு வந்தார். "ஏத்தா, பாவத்துக்கு அழுகச் சொன்னா சரி. நீ தொண்டைக்கில்ல அழுக விடுற" என்று முறையிட்டார். விவகாரம் பங்குச் சாமியாரிடம் போனது. அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "எல்லாரும் எதையாவது விட்டு ஒறுத்தல் செய்யுங்கன்னு வருசா வருசம் கத்துறேன். இந்த வருசந்தான் ஊரே செய்யுது. விடுங்க" என்றாராம்.

நாலாவது வாரம் கேண்டீனில் மிக்ஸி ஓடியது. யூஜினியா வாயைத் திறந்தாள், மூடினாள். பிறகு மெதுவாக, "த" என்றாள். மிக்ஸி வேகம் பிடித்ததும் என் கையைக் கிள்ளி, "ச, ச" என்றாள். ஹாரன் ப ஆகிவிட்டது. அப்பாவின் தும்மல் நி. "ஒலகமே வீடு மாறிப்போச்சுடி" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எனக்கும் என்னவோ நானே பாஸானது மாதிரி தலைகால் புரியவில்லை.

புனித வாரத்துத் திங்கட்கிழமை தேர்வு. என்னுடைய வாய்ப்பாட்டுத் தேர்வு காலையிலேயே முடிந்துவிட்டது. அவள் உள்ளே போனதும் இசைக்கூடத்தின் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் கணீர்க் குரல்காரர். உமையாள் மேடம் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்தார். தேர்வாளர் சுருதிப் பெட்டியைத் தன் குரலுக்குத் தோதாக ஒரு கட்டையில் வைத்தார்.

எனக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது. அது அவள் பிறந்து வளர்ந்த கட்டை. கண்ணை மூடிக்கொண்டு எழுதினாலே நூற்றுக்கு நூறு.

யூஜினியா எழுந்து நின்றாள். "ஐயா, ஒரு கட்டை எனக்கு ஆகாதுங்க."

"ஆகாதுன்னா?"

"ஈஸ்டர் வரைக்கும் விட்டிருக்கேன். தவக்கால நேர்ச்சை."

பல்வலி, ஜுரம், மாமா சாவு என்று எத்தனையோ கேட்டிருப்பார் அந்த மனிதர். இதைக் கேட்டதில்லை என்பது முகத்தில் தெரிந்தது. மேடத்தைப் பார்த்தார். மேடம் மின்விசிறியைப் பார்த்தார். "கேட்ட கட்டையில பாட இது கச்சேரி இல்லம்மா" என்றவர், யோசித்து, பெட்டியின் திருகைத் திருப்பினார். "ரெண்டரையில பாடுறேன். அதையாவது மிச்சம் வச்சிருக்கீங்களா?"

ரெண்டரை அவளுக்குப் பழைய வீடும் இல்லை, புது வீடும் இல்லை. அசட்டுக் கழுதை, வாயை மூடிக்கொண்டு எழுதியிருந்தால் கல்லலில் வேலை. அவர் முதல் வரிசையைப் பாடினார், பேனா அசையவில்லை. இரண்டாவதைப் பாடினார், அப்போதும் அசையவில்லை. எனக்குத் தெரிந்த துஆவையெல்லாம் ஓதினேன்.

மூன்றாவதற்கு முன்னால் அவள் பெட்டியின் சுருதியோடு சேர்ந்து, "ச" என்று முனகினாள். மறுபடி முனகினாள். அந்த ச எங்கேயும் போகாமல் அவளோடு நின்றது. தோள் குலுங்கத் தொடங்கியது. பேனா ஓடியது.

மொத்தம் பத்து வரிசை. தேர்வாளர் தாளை வாங்கி, காலியாக இருந்த முதல் இரண்டையும் தாண்டி, கீழே சரி சரி என்று கோடு போட்டுக்கொண்டே போனார். எட்டுக் கோடுகளை ஜன்னலிலிருந்தே எண்ணினேன். கண் கலங்கியதால் இரண்டு முறை எண்ண வேண்டியிருந்தது. "முடிஞ்சது. போகலாம்மா" என்றார் அவர்.

யூஜினியா எழுந்திருக்கவில்லை. முழங்காலில் நகர்ந்து, தேர்வாளருக்கு முன்னால் இருந்த பெட்டியின் திருகைத் தானே பிடித்து நாலு கட்டைக்குத் திருப்பிவிட்டு, அவர் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள்.