பிழிந்தால் ஒரு துளி

இரண்டாம் உலக யுத்த காலத்தில் கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு முன்னறையில் கொச்சியிலிருந்து வந்த ஒரு யூதத் தம்பதி வாடகைக்கு இருந்தார்கள். கணவருக்குத் துறைமுகத்தில் வேலை. மனைவி மலையாளமும் தமிழும் கலந்து கதைப்பார். நான் அப்போது பள்ளிக்கூட ஆசிரியை.

வெள்ளி மாலை அவர்கள் ஓய்வு நாள் தொடங்கும். முதலில் ஒரு கோப்பை முந்திரிகை இரசத்தை, அதாவது திராட்சை இரசத்தை, வாழ்த்திக் குடிக்க வேண்டும். அதை ஊரிலிருந்துதான் வருவிப்பார்கள். கப்பல்கள் ஒழுங்காக வராமல் போகவே, திராட்சை வற்றலை ஊறவைத்துத் தானே செய்ய அந்த அக்கா தீர்மானித்தார். நான் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். அவர் ஒன்றை எடுத்து நசுக்கினார்.

"டீச்சரே, இதில் சாறு இல்லல்லோ. பிழிஞ்சால் சாறு வரணும். அப்போதான் முந்திரிகைக்கு உள்ள வாழ்த்தைச் சொல்லலாம். இல்லெங்கில் வெறும் தண்ணிக்குச் சொல்லுகிற வாழ்த்துதான்."

எனக்கு ரோசம் வந்துவிட்டது. திங்கட்கிழமை பள்ளி விட்டதும் புறக்கோட்டைக்கு பஸ் ஏறினேன். கடையில் திராட்சை வற்றலைப் பிளம்ஸ் என்றால்தான் விளங்கும். ஒவ்வொரு பெட்டியிலும் ஒன்றை எடுத்துப் பிழிந்தேன். முஸ்லிம் முதலாளி பொறுக்க மாட்டாமல் கேட்டார்:

"என்ன டீச்சர், எண்ணெயா எடுக்கப் போறீங்க?"

விஷயத்தைச் சொன்னேன்.

"குடிக்கிற சாராயமா?"

"இல்லை, மூன்று நாள் ஊறின தண்ணிதான். அவையின்ட வணக்கத்துக்கு."

"வணக்கத்துக்கெண்டு முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்று உள்ளே போய்ப் புதிதாக ஒரு பெட்டி உடைத்தார். விரல்களுக்கிடையில் ஒன்றை அழுத்தினேன். பிசுபிசுப்பாக ஒரு துளி கசிந்தது.

செவ்வாய் மாலை அக்கா அளந்து ஊறவைத்தார். வெள்ளிக்கிழமை பொழுது சாயுமுன் வடித்து வைத்துவிட்டு என்னையும் கூப்பிட்டார். வெளுத்த நிறத்தைக் கண்ட கணவருக்குச் சந்தேகம்.

"தண்ணி கூடிப்போனதோ? தண்ணிக்குச் சொல்லுகிற பொதுவான வாழ்த்தையே சொல்லலாம்."

"விதிப்படி ஆறில் ஒரு பங்குக்கு மேல் பழம் இட்டிருக்கு. நான் அளந்தது. டீச்சர் பிழிஞ்சு பார்த்து வாங்கியது" என்றார் அக்கா அசையாமல்.

கணவர் என் பக்கம் திரும்பினார். "சாறு வந்ததா, டீச்சர்?"

"ஓம், வந்தது. என்ர கையாலே பிழிஞ்சு பாத்தனான்."

அவர் கோப்பையை உயர்த்தி ஹீப்ருவில் வாழ்த்தினார். "முந்திரிகைக்கொடியின் கனியைப் படைத்தவனே" என்று அக்கா என் காதில் பொருள் சொன்னார்.

அவர்களுடைய வேதமும் விதியும் எனக்குத் தெரியாது. ஆனால் அந்த வீட்டில் எந்த வாழ்த்தைச் சொல்வது என்பது என் சொல்லை நம்பி முடிவானது. நெஞ்சை நிமிர்த்தித்தான் நின்றேன். அவர்கள் கொச்சிக்குத் திரும்பும்வரை பிளம்ஸ் வாங்க வேறொருவரையும் நான் விடவில்லை.