சாமிக் கயிறும் ஸ்டியரிங் ஜாயிண்டும்

ஸ்டியரிங் ஆடுகிறது என்று நான் சொன்னபோது என் வீட்டுக்காரரின் அண்ணன் சிரித்தார். இருபது வருஷம் லாரி ஓட்டியவர். பழைய பிக்கப் என்றால் கொஞ்சம் ஆடத்தான் செய்யும், பொம்பளைக்கு அது பெரிதாகத் தெரியும் என்றார். தெருவை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று சாவியைக் கையில் கொடுத்தார். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். அன்றைக்கென்று ஏனோ வாயை மூடிக்கொண்டேன். அதை நினைத்தால் இன்றும் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

இரண்டு பேர் ஓட்டித் தேய்த்த பிறகு நாங்கள் வாங்கிய வண்டி அது. வீட்டுக்காரர் சிங்கப்பூர் வேலைக்குப் போனதும், விற்றுவிடு என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நான் செந்துறையில் ஓட்டக் கற்றுக்கொண்டு லைசென்ஸ் வாங்கினேன். ஆண்டிமடத்தில் முந்திரி மூட்டை ஏற்றி அரியலூரில் இறக்குவேன். சீசனில் பெரம்பலூர்ப் பக்கம் மக்காச்சோளம். என் அப்பாவும் அம்மாவும் கூலிக்குக் களை வெட்டிய காடுகளுக்கே லோடு ஏற்றப் போயிருக்கிறேன். காட்டுக்காரர் வரப்பில் நின்று, வண்டி வந்துவிட்டது என்று ஆள்களைக் கூப்பிடும்போது எனக்குப் பெருமை பிடிபடாது. இதில் மறைக்க என்ன இருக்கிறது?

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். எந்தக் கோயிலுக்குப் போனாலும் வண்டிக்கென்று ஒரு கயிறு வாங்கி வருவோம். ஸ்டியரிங் வீலில் கட்டினால் கையில் இடறும் என்று, கீழே பெடல் பக்கம் இறங்கும் ஸ்டியரிங் ராடில் நான் கட்டுவேன். அவிழ்ந்து விழக்கூடாது என்று ஒன்றின் மேல் ஒன்றாக இறுக்கிக் கட்டுவேன். குலசாமிக்குக் காசு முடிந்த மஞ்சள் துணியும் அங்கேதான். மேல் ராடும் கீழ் ராடும் சேரும் ஜாயிண்ட் அந்தக் கட்டுக்குள் புதைந்துபோனது என் புத்திக்கு எட்டவில்லை. சாமிக் கயிறு என்பதால் மெக்கானிக்கும் அதில் கை வைத்ததில்லை.

அந்தச் சமயத்தில்தான் வீட்டுக்காரரின் அண்ணனுடைய பேத்திக்குக் காதுகுத்து வந்தது. வாலிகண்டபுரத்துக்கு அந்தப் பக்கம் எங்கள் குலசாமி கோயில். காலையிலேயே அண்டா, விறகு, ஆடு எல்லாம் ஏற்றி, குழந்தைகளும் பெண்களுமாகப் பின்னால் ஏறிவிட்டார்கள். வண்டியைப் பின்னுக்கு எடுத்துத் திருப்பினேன். வீல் அரைச்சுற்று சும்மா சுற்றிய பிறகுதான் டயர் அசைந்தது. குனிந்து வீலை ஆட்டிப் பார்த்தேன்; கயிற்றுக் கட்டுக்கு மேலே ராடு சுற்றியது, கீழே அசையவில்லை. வழியில் லாரிகள் பறக்கும் பைபாஸைக் கடக்க வேண்டும். இன்ஜினை நிறுத்திச் சாவியை உருவிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

நல்ல நேரம் போகிறது என்று ஆளுக்கொரு பக்கம் சத்தம் போட்டார்கள். அண்ணன் கையை நீட்டினார்.

"சாவியக் குடும்மா, நான் ஓட்டுறேன்."

"கயித்த அறுத்து உள்ள பாக்காம யாரும் ஓட்ட வேணாம் மாமா."

சாமி காரியத்துக்குப் போகும்போது சாமிக் கயிற்றை அறுப்பதா என்று அவர் மனைவி கன்னத்தில் போட்டுக்கொண்டார். காய் நறுக்க எடுத்துவைத்த கத்தியை வாங்கி, மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஒவ்வொரு கட்டாக அறுத்தேன். கடைசியாக மஞ்சள் துணி.

உள்ளே போல்ட் பாதி கழன்று நின்றது. சுற்றிலும் இரும்புத்தூள். நான் கட்டிய கட்டுதான் சத்தத்தை அமுக்கி, ஆட்டத்தையும் பாதியாக மறைத்திருக்கிறது. தப்பு என்னுடையது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அண்ணன் அப்போதும் நம்பவில்லை. சீட்டில் ஏறி உட்கார்ந்து வீலைப் பலமாகத் திருப்பினார். கடக்கென்று ஒரு சத்தம். அதன் பிறகு வீல் அவர் கையில் முழுச்சுற்று சுற்றியது. முன் டயர் இரண்டும் நேராகவே நின்றன.

அவர் மெல்ல இறங்கிப் பின்பக்கம் போனார். குழந்தைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கீழே விட்டார்.

காதுகுத்தை மதியத்துக்குத் தள்ளிவைக்கச் சொல்லிப் பூசாரிக்குப் போன் செய்தோம். செந்துறையிலிருந்து மெக்கானிக் புது ஜாயிண்டோடு வந்து மாட்டி முடித்தார். ஓட்டிப் பார்த்துச் சொல்லுங்கள் என்று வழக்கம்போல அண்ணனிடம் சாவியை நீட்டினார். அண்ணன் வாங்காமல் என்னைக் கைகாட்டினார்.

"அது ஓட்டிப் பாத்து சரின்னு சொல்லட்டும். அப்புறந்தான் புள்ளைங்கள ஏத்துவேன்."

ஊர்க்கோடிவரை போய், இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு வந்தேன். சரியாக இருக்கிறது என்றேன். அவர் பேத்தியைத் தூக்கி முதல் ஆளாக வண்டியில் ஏற்றினார்.