பறவைக்கு நான் வரைந்த கால்

எனக்குப் பத்து வயதிருக்கும்போது ஒரு சீனத் துறவி வரைந்த படத்தை நான் திருத்தினேன். வெளியே சொல்லிக்கொள்ளும்படியான காரியமில்லை. அன்றைக்கு என்னவோ அதைப் பெரிய சாமர்த்தியம் என்றுதான் நினைத்தேன்.

அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, அனுப்பர்பாளையம் பக்கம் ஒரு பிரிண்டிங் யூனிட்டில் டிசைனர். பனியனில் அச்சடிக்க வேண்டிய படத்தைக் கம்ப்யூட்டரில் சுத்தம் செய்து, ஃபிலிமில் எடுத்து, அடியிலிருந்து வெளிச்சம் வரும் விளக்கு மேசைமேல் பரப்பிப் பார்ப்பார். கறுப்பில் எங்காவது ஊசிமுனையளவு ஓட்டை தெரிந்தால் பேனாவால் அடைக்க வேண்டும். முழுப்பரீட்சை லீவில் அந்த ஓட்டைகளைத் தேடிப்பிடித்து அடைப்பது என் விளையாட்டு. படத்தில் எது விட்டுப்போயிருந்தாலும் நிரப்பிவிட வேண்டும் என்பது என் கைக்கே பழகிப்போயிருந்தது.

அந்த வருடம்தான் ஒரு லாரி மாமாவின் வலது காலை முழங்காலுக்குக் கீழே கொண்டுபோயிருந்தது. மாதக்கணக்கில் கட்டிலில் கிடந்தார். ஓயாமல் பேசுகிற மனுஷர், வாயே திறக்கவில்லை. காலைவிட, ‘பாவம்’ என்ற சொல்தான் அவருக்கு அதிகம் வலித்தது. ஒருமுறை பஸ்ஸில் யாரோ அப்படிச் சொல்லி எழுந்து இடம் கொடுத்ததற்கு, என்னையும் கூட்டிக்கொண்டு அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டார். வேலைக்குத் திரும்பிய பிறகு, விளக்கு மேசை முன்னால் உட்கார்ந்திருக்கும்போது மட்டும் பழைய மாமாவாக இருப்பார். அங்கே யாரும் அவர் காலைப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்ப்பார்கள்.

துறவியின் படம் வந்தது அப்போதுதான். வெளிநாட்டு ஆர்டர். பனியனில் தொங்கவிடும் அட்டையில் அவர் கதையை ஆங்கிலத்தில் போட்டிருந்தார்கள். இங்கிலீஷ் மீடியம் என்ற தகுதியில் நான் படித்துச் சொன்னேன். எந்தக் காலத்திலோ ஒரு போரில் வீட்டார் அத்தனை பேரையும் இழந்தவராம். மொட்டையடித்துக்கொண்டு மடத்தில் சேர்ந்துவிட்டார். பல வருடங்கள் யாரிடமும் பேசவில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் தூரிகையால் எழுதினார், வரைந்தார். படத்தில் பெரிய தாளின் ஒரு மூலையில் ஒரு பறவை, பக்கத்தில் மேலிருந்து கீழாக நாலு எழுத்து, மற்றதெல்லாம் வெறும் வெள்ளை. பறவைக்கு ஒரே ஒரு கால்.

மாமா வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒரே இழுப்புல கால் வந்திருக்குது பாரு கண்ணு. வெச்ச கைய எடுக்கவே இல்ல மனுசன்.”

“இன்னொரு காலு எங்கீங்க மாமா?”

“மடக்கி வெச்சிருக்கும்,” என்று சிரித்தார். விபத்துக்குப் பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு அது.

அவர் டீ குடிக்கப் போனார். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒற்றைக்கால் பறவை ஆயிரக்கணக்கில் அச்சாகிக் குவிந்தால், யூனிட்டில் எல்லோரும் மாமாவைத்தானே திரும்பிப் பார்ப்பார்கள்? கறுப்புப் பேனாவை எடுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, இருந்த காலுக்குப் பக்கத்தில் இன்னொன்று வரைந்தேன். நன்றாகத்தான் இருந்தது. அதற்குள், ஃபிலிமிலிருந்து அச்சுக்கு ஸ்கிரீன் போடுகிற அண்ணன் வந்து, அவசரம் என்று ஃபிலிமை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சாம்பிள் அன்று மாலையே கூரியரில் ஏறிவிட்டது.

சில நாளில், நான் வரைந்த காலைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு மெயில் வந்தது. துறவியின் படத்தில் கைவைத்தவர்களுக்கு ஆர்டர் கிடையாதாம். முதலாளி ஃபிலிமோடு வந்து நின்றார்.

“யாரப்பா இத வரைஞ்சது?”

மாமா அதை விளக்கின்மேல் வைத்துப் பார்த்தார். நடுங்கி நடுங்கிப் போன கோடு அது. பிறகு, மேசை ஓரத்தில் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்தார்.

“நான்தானுங்க,” என்றார் மாமா.

விழப்போகும் திட்டுக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டேன். திட்டு விழவில்லை. கால் போனவன், பறவைக்கும் ஒரு கால் இல்லாததைத் தாங்கமாட்டாமல் வரைந்துவிட்டான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். முதலாளியின் குரல் இறங்கிவிட்டது.

“செரி, உடப்பா. உம்மனசு எங்களுக்குத் தெரியாதா? கொஞ்ச நாளைக்கு இந்த டிசைன் வேல வேண்டாம். பேக்கிங்ல உக்காந்துக்க.”

பின்னாலிருந்து யாரோ ‘பாவம்’ என்றார்கள். இறங்கிப் போவதற்கு அங்கே அடுத்த நிறுத்தம் இல்லை. மாமா தலையைக் குனிந்துகொண்டார்.

அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை. விளக்கு மேசைக்கு வேறு ஆள் வந்தார். மாமா பேக்கிங்கில் பனியன்களுக்கு அட்டை மாட்டினார். அப்புறம் அவர் ஒரு கோடுகூட வரைந்து நான் பார்க்கவில்லை. கால் வரைந்தது யார் என்பதையும் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை.

முதலாளி ஃபிலிமோடு வந்து நின்ற அன்று சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது எனக்குத் தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தார். வாய் நிறைய அடைத்துக்கொண்டு, வாசலிலேயே அம்மாவிடம் சந்தோஷமாகச் சொன்னேன்: “மொதலாளி ரொம்ப நல்லவருங்கம்மா. மாமாவ ஒரு வார்த்தகூடத் திட்டுல!”

மாமா ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார். அவரை அன்றைக்கு நன்றாகத் திட்டியிருந்தால் அந்த மேசை அவரிடமே இருந்திருக்கும் என்பது எனக்குத் தெரியவில்லை. மிச்சமிருந்த பன்னில் பாதியைப் பிய்த்து அவரிடம் நீட்டினேன். வாங்கிக்கொண்டார்.