செவ்வாய்க்குப் போன கூடு

அந்தக் கப்பலை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். ஒரு மாரி முழுக்கப் பட்ட பாடு. அம்மா ஒரு கேள்வியை ஒழுங்காகக் கேட்டிருந்தால், அல்லது நான் ஒரு பதிலை ஒழுங்காகச் சொல்லியிருந்தால், இவ்வளவும் நடந்திராது.

குருநகரில் எங்கள் வீட்டில் ஐயாவுக்குக் கடல்தான் தொழில். அண்ணை மட்டும் படித்துத் தேறி, மலாயாவில் ஒரு கந்தோரில் கிளாக்கர் வேலை கிடைத்துப் போய்விட்டார். போகுமுன் பின்னேரங்களில் எனக்கு ஒரு கதை வாசித்துக் காட்டுவார். பழைய ஆங்கிலச் சஞ்சிகை ஒன்றில் வந்தது. எட்டுப் பேர் ஏறி, செவ்வாய்க் கிரகத்துக்குப் போகும் கப்பலின் கதை. எனக்கு ஆங்கிலம் ஓடாது. அவர் ஒரு வரியைப் பார்ப்பார், தமிழில் சொல்லுவார், மற்ற வரிக்குப் போவார். கப்பலுக்குள்ளே என்னென்ன இருக்கிறது என்று அவர் சொல்லச் சொல்ல எனக்கு நித்திரையே வராது. மூச்சுக் காற்றுக்காக நடுவில் ஒரு முருங்கை மரம். குசினியில் பெரிய பானையில் ஒடியற் கூழ். ஆங்கிலேயர் கட்டிய கப்பலில் முருங்கையும் கூழும் எப்படி வந்தன என்று நான் ஒரு நாளும் யோசிக்கவில்லை. வெளியே காற்றே இல்லை, ஊசி முனையளவு ஓட்டை விழுந்தாலும் உள்ளே இருப்பவர்களின் கதை முடிந்தது என்றும் சொல்லியிருந்தார். அந்த எட்டுப் பேரும் பாதி வழியில் இருக்கும்போது அண்ணைக்கு வேலை கிடைத்துவிட்டது. கதையும் அந்த இடத்தில் நின்றுபோயிற்று.

அவர் முதல்முறையாக லீவில் வருகிறார் என்று தெரிந்ததும் நான் அந்தக் கப்பலைச் செய்யத் தொடங்கினேன். அவர் படலையைத் திறந்து உள்ளே வந்து, பார்த்து, "இது எங்கடை கப்பலெல்லோ!" என்று சொல்லவேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

சேட்டு மடித்து வந்த பெட்டி மட்டையை வெட்டி உடம்பு. சிகரெட் பெட்டி வெள்ளித்தாளை நகத்தால் தேய்த்து மேலே ஒட்டினேன். வாலில் நாலு செட்டை. அடியில் இரட்டைக் கதவு அறை. ஒன்றைப் பூட்டினால்தான் மற்றது திறக்கும். முதல் வைத்த கோதுமை மாப் பசையை ஒரே இரவில் கரப்பான் தின்று, இரண்டு செட்டை கழன்று கிடந்தது. பிறகு பசையில் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சினேன். கரப்பான் விட்டது, மழை பிடித்தது. ஈரக்காற்றில் மட்டை ஊதி, ஒட்டிய இடமெல்லாம் வாயைப் பிளந்தது. அடுப்படியில் வைத்துக் காய வைத்தால் அம்மா, "மீன் வைக்க இடமில்லை, இதொண்டு" என்று எடுத்து வெளியே வைப்பா. அழுகைதான் வந்தது.

ஐயா ஒரு நாள் பார்த்துவிட்டு, "பனிச்சங்காய்ச் சாறு பூசு பிள்ளை. வலைக்கே நாங்கள் அதுதானே பூசிறம். தண்ணி போகாது" என்றார். வலை கறுத்தால் பரவாயில்லை. வெள்ளிக் கப்பல் கறுத்தால் நான் யாரிடம் போவது? கடைசியில் தெருவில் கதிரை செய்யும் தச்சரிடம் கெஞ்சி, அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்த மெருகு கொஞ்சம் வாங்கிவந்தேன்.

மெருகு பூசுமுன் கடதாசி முருங்கையை நடுவில் நட்டேன். விரல் நகமளவு எட்டுப் பேரையும் அவரவர் இடத்தில் வைத்தேன். பிறகு மூடி, பொருத்து ஒவ்வொன்றிலும் மெருகு பூசி, வாலில் விட்டிருந்த துளையில் பப்பாசி இலைக் காம்புக் குழலைச் செருகி ஊதினேன். கன்னத்தைக் கிட்டே பிடித்தால் எங்கே காற்றுக் கசிகிறது என்று தெரியும். கசியும் இடத்தில் இன்னொரு பூச்சு. காய்ந்ததும் திரும்ப ஊதல். கன்னம் நொந்து, தலை சுற்றி, ஒரு நாள் எங்குமே கசியவில்லை. குழலை எடுத்துத் துளையையும் அடைத்தேன். முடிந்தது.

இதற்கிடையில்தான் அம்மா அந்தக் கேள்வியைக் கேட்டா.

"உது என்ன பிள்ளை?"

"கப்பல்."

"ஆருக்கு?"

"அண்ணைக்குத்தான். அவர் வர முந்தி முடிக்கவேணும்."

அம்மாவின் கண் கலங்கிவிட்டது. அதற்குப் பிறகு அவ என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. அடுப்படியிலும் இடம் கிடைத்தது. நானும், அம்மாவுக்கு ஒருமாதிரி விளங்கிவிட்டது என்று நினைத்தேன்.

சாவகச்சேரியில் சின்னம்மாவுக்குப் பிள்ளை பிறந்து, உதவிக்குப் போய்த் திரும்பி வந்தேன். வீட்டு வாசலில் செருப்புகள். உள்ளே எங்கள் தெருப் பெண்கள் முழந்தாளில் இருந்து செபமாலை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு முன்னால், வெள்ளைத் துணி விரித்த மேசையில், என்னுடைய கப்பல். அதன் வயிற்றில், இரட்டைக் கதவையும் சேர்த்து, ஒரு பெரிய வாசல் வெட்டியிருந்தது. உள்ளே, முருங்கை நின்ற இடத்தில், எங்கள் வீட்டுச் சுரூபம். எந்தப் புனிதர் என்று சொல்லத் தேவையில்லை. சாவி தொலைத்தவர்கள் எல்லாரும் கூப்பிடுகிறவர்தான்.

திருநாளில் சுரூபத்தை ஏற்றிச் சுற்றிவரும் கூடும் கூர் முனையோடு, மினுங்கும் தாள் ஒட்டித்தான் இருக்கும். நேர்த்தி வைத்தவள் அது முடியும்வரை அதைப்பற்றி வாய் திறக்கக்கூடாது என்பது எங்கள் ஆட்களின் வழக்கம். நான் வாய் திறக்காமல் மூலையில் இருந்து ஒட்டினேன். கேட்டதற்கும் "கப்பல், அண்ணைக்கு" என்றேன். அண்ணை வரும் கப்பல் பத்திரமாகக் கரைசேரவேண்டுமென்று பிள்ளை கூடு நேர்ந்திருக்கிறாள் என்று அம்மா முடிவுகட்டிவிட்டா.

"எல்லாம் வடிவாய்ச் செய்துபோட்டு வாசலை மறந்துபோனியேடி" என்றா. "ஐயாவின்ரை கத்தியாலை நான்தான் வெட்டினனான். வாசல் இல்லாமல் எங்கை கூடு கிடக்கு?"

"உள்ளுக்கை இருந்த ஆக்கள் எங்கை?"

"என்ன ஆக்கள்? ஏதோ கடதாசித் துண்டுகள் கிடந்தது. கூட்டி அள்ளினன்."

குப்பைக் கிடங்கில் மழைத் தண்ணீர் நின்றது. கையை விட்டுத் துழாவினேன். ஒருவர்கூட அகப்படவில்லை. அத்தனை பெண்களும் "கைராசிக்காரி" என்று என்னைப் புகழ்ந்துகொண்டு போனார்கள். அந்தப் புகழைக் கேட்கக் கேட்கத்தான் எனக்கு விசர் இன்னும் ஏறியது.

அண்ணை வந்தார். சப்பாத்தைக் கழற்ற விடாமல் அம்மா அவரை இழுத்துப்போய் மேசை முன்னால் நிறுத்தினா. அவர் சிலுவை போட்டு, முழந்தாளில் இருந்து எழும்பினார்.

"நல்ல கூடு. ஆர் கட்டினது?"

"கூடில்லை அண்ணை" என்றேன். "கப்பல். செவ்வாய்க்குப் போன கப்பல்."

"எந்தக் கப்பல்?"

நான் முருங்கையைச் சொன்னேன், கூழைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"அட, உதை இன்னும் நினைச்சுக்கொண்டிருக்கிறியே! அந்த இங்கிலீசு எனக்கே விளங்கேல்லை. படத்தைப் பாத்து வாய்க்கு வந்ததைச் சொன்னனான்."

"அப்ப அவை போய்ச் சேர்ந்தவையோ?"

"ஆர்?"

அவர் உண்மையாகத்தான் கேட்டார். அவர்கள் சாப்பிட உட்கார்ந்ததும், அம்மா வெட்டியெடுத்த துண்டைத் தேடிப்பிடித்தேன். அதை வாசலில் வைத்துப் பொருத்தி, மிச்ச மெருகு முழுவதையும் சுற்றிவரப் பூசினேன்.

அம்மா சோற்றுக் கையோடு ஓடிவந்தா. "சுரூபம் உள்ளுக்கையடி!"

"தெரியும். துலைஞ்சதைத் தேடித் தாறவர்தானே அம்மா. எட்டுப் பேரைத் துலைச்சுப்போட்டம். அவர் உள்ளுக்கை இருக்கட்டும்."

மெருகு காய்ந்ததும் வாலில் அடைத்திருந்த துளையைக் குத்தித் திறந்து, பப்பாசிக் குழலை வைத்து ஊதிப் பார்த்தேன். எங்கும் காற்றுக் கசியவில்லை.